மெய்நிகர் கணினி: ஒரு சான்றிதழ் கற்றுத் தந்த பாடம்

பத்து காவானில் ஒரு காலத்தில் கரும்பு விளைந்தது. பின்னர் ரப்பரும் செம்பனையும் வந்தன. 2014 மார்ச் 1ஆம் நாள் 24 கிலோமீட்டர் நீளமுள்ள சுல்தான் அப்துல் ஹாலிம் முவாட்ஸாம் ஷா பாலம் திறக்கப்பட்ட பின் எங்கள் ஊரின் தொழிற்பேட்டை வேகமாக விரிந்தது. அங்குள்ள ஒரு தொழிற்சாலையில் தொழிற்பயிற்சி மேற்கொண்டபோதுதான் இந்தப் பாடம் எனக்கு அறிமுகமானது.

பணியாளர்களின் மேசைமேல் ஒரு திரையும் சிறு பெட்டியும் மட்டுமே இருந்தன. அவர்கள் பயன்படுத்திய விண்டோஸ் அந்தப் பெட்டிக்குள் இல்லை; வேறோர் அறையில் இருந்த வழங்கியில் இயங்கியது. திரையின் படம் மட்டும் மேசைக்கு வரும். விசையழுத்தமும் சுட்டியின் அசைவும் அங்கே செல்லும். இதைத் தமிழில் மெய்நிகராக்கம் என்கிறோம். மெய்க்கு நிகரானது, ஆனால் மெய் அன்று. முழு டெஸ்க்டாப்பையும் இவ்வாறு வழங்கலாம். ஒரேயொரு செயலியை மட்டும் வழங்கவும் செய்யலாம்.

இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று சிட்ரிக்ஸ் நிறுவனம். ஐ.பி.எம்.மில் பணியாற்றிய எட் யாகோபூச்சி 1989இல் அதைத் தொடங்கினார். ஒரே விண்டோஸ் வழங்கியில் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்ய உதவும் ‘வின்ஃபிரேம்’ 1995இல் வெளிவந்தது. அந்நிறுவனத்தின் தொடக்கநிலைச் சான்றிதழே நான் எழுதிய ‘சி.சி.ஏ.-வி’.

முதல் முறை தோல்வியடைந்தேன். உறுப்புகளின் பெயர்களையும் 1494, 2598 என்ற துறை எண்களையும் மனனம் செய்துகொண்டு போனேன். தேர்விலோ, “பயனருக்குச் சின்னம் தெரிகிறது, சொடுக்கினால் திறக்கவில்லை. எங்கே பார்ப்பீர்?” என்பது போன்ற சூழல்களே என்னைத் திணறடித்தன. என்னிடம் பெயர்கள் இருந்தன; வழி தெரியவில்லை.

கட்டணம் வார இறுதி வேலையில் சேர்த்த பணம். இன்னொரு முறை தோற்க வசதியில்லை. அவ்வேளையில் ஒருவர், கசிந்த கேள்விகளும் விடைகளும் கொண்ட தொகுப்பைத் தர முன்வந்தார். இரண்டு நாள் மனம் தடுமாறியது உண்மை. அது தேர்வு விதிகளுக்குப் புறம்பானது. தெரியவந்தால் சான்றிதழே பறிபோகலாம். அதைவிட, உற்பத்தி நடக்கும் இடத்தில் திரை திறக்காமல் பத்துப் பேர் காத்திருக்கும்போது அந்தத் தொகுப்பு எனக்கு என்ன விடை சொல்லும் என்ற கேள்விதான் என்னைத் தடுத்தது.

எனவே ஒரு சொடுக்கின் பயணத்தைத் தமிழில் எழுதிப் பார்த்தேன்.

1. பயனர் தம் கருவியிலுள்ள ‘ஒர்க்ஸ்பேஸ்’ செயலியில் நுழைகிறார்.
2. ‘ஸ்டோர்ஃபிரண்ட்’ அவர் யாரென்று சரிபார்க்கிறது. அவருக்கு உரியவை எவை என்று ‘டெலிவரி கன்ட்ரோல’ரிடம் கேட்டுச் சின்னங்களைக் காட்டுகிறது.
3. அவர் சொடுக்கியதும், கன்ட்ரோலர் சுமை குறைந்த ஒரு வழங்கியைத் தேர்ந்தெடுக்கிறது.
4. ஸ்டோர்ஃபிரண்ட் அதன் முகவரி கொண்ட சிறு கோப்பைப் பயனரின் கருவிக்கு அனுப்புகிறது.
5. கருவி அந்த வழங்கியிலுள்ள ‘வி.டி.ஏ.’ என்ற முகவர் மென்பொருளோடு நேரடியாகத் தொடர்புகொள்கிறது.

இதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். “அப்படின்னா தரகர் மாதிரின்னு சொல்லு. ரெண்டு வீட்டையும் சேர்த்து வச்சதும் அவருக்கு அங்க வேலை இல்லை” என்றார். அச்சேவைக்கு ஆங்கிலத்தில் பெயரே ‘புரோக்கர்’தான்! ஸ்டோர்ஃபிரண்ட் நின்றுபோனால் புதிதாக யாரும் நுழைய முடியாது; ஆனால் அலுவலக வலையமைப்புக்குள் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருப்பவர் தொடரலாம். ஏன் என்பது அம்மா சொன்ன ஒரு வாக்கியத்தில் விளங்கிவிட்டது.

அடுத்து செய்முறை. 16 கிகாபைட் நினைவகம் கொண்ட மடிக்கணினியில் மூன்று மெய்நிகர் கணினிகளை அமைத்தேன். ஒன்றில் ஆக்டிவ் டைரக்டரி, இன்னொன்றில் கன்ட்ரோலரும் ஸ்டோர்ஃபிரண்டும் தரவுத்தளமும், மூன்றாவதில் வி.டி.ஏ. விண்டோஸ் சர்வரின் 180 நாள் சோதனைப் பதிப்பு இதற்குப் போதுமானதாக இருந்தது.

ஒருநாள் வி.டி.ஏ. கன்ட்ரோலரிடம் பதிவாகவே இல்லை. சின்னம் தெரிந்தது, சொடுக்கினால் திறக்கவில்லை. தேர்வில் என்னை வீழ்த்திய அதே சூழல்! இரண்டு இரவுகள் மென்பொருளை நீக்கி நீக்கி நிறுவினேன். மூன்றாம் இரவு திரையின் மூலையைப் பார்த்தேன். மடிக்கணினி உறக்கத்திலிருந்து எழுந்தபோது அந்த மெய்நிகர் கணினியின் கடிகாரம் இருபது நிமிடம் பின்தங்கியிருந்தது. ஆக்டிவ் டைரக்டரி பயன்படுத்தும் ‘கெர்பரோஸ்’ முறை, வழக்கமான அமைப்பில் 5 நிமிட வேறுபாட்டுக்கு மேல் பொறுக்காது. கடிகாரத்தைச் சரிசெய்து மீண்டும் இயக்கியதும் பதிவாகிவிட்டது. அந்த இருபது நிமிடத்தை நான் இனி மறக்கமாட்டேன்.

இரண்டாம் முறை தேர்ச்சி பெற்றேன்.

சான்றிதழ் வேலைக்கு உத்தரவாதம் அன்று. நேர்காணலில் உட்காரும் தகுதியை அது வலுப்படுத்தும், அவ்வளவே. பெயர்களும் நிலைப்பதில்லை. மெட்டாஃபிரேம், பிரசன்டேஷன் சர்வர், சென்ஆப் என்று மாறிவந்த மென்பொருள், 2018இல் ‘சிட்ரிக்ஸ் வர்ச்சுவல் ஆப்ஸ்’ ஆனது. 2022இல் சிட்ரிக்ஸ் நிறுவனமே கைமாறி டிப்கோவுடன் இணைக்கப்பட்டது. போட்டி நிறுவனமான வி.எம்.வேரை 2023இல் பிராட்காம் வாங்கியது. அதன் டெஸ்க்டாப் பிரிவு 2024இல் ‘ஓம்னிசா’ என்ற தனி நிறுவனமாகியது. பெயரை மட்டும் படித்தவருக்கு ஒவ்வொரு மாற்றமும் புதுப் பாடம். வழியைப் படித்தவருக்கோ பழைய தரகரே புதுப் பெயரில் வருகிறார்.

தம்பி தங்கைகளே, தேர்வுக்குப் பணம் கட்டும் முன் ஒரு தாளை எடுங்கள். அந்தச் சொடுக்கு எங்கே புறப்பட்டு எங்கே சேர்கிறது என்பதைத் தமிழில் எழுதுங்கள். வீட்டில் கணினி அறியாத ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவருக்கு விளங்கினால் பணம் கட்டலாம்.