இளவேனில்

வேனில் என்பது வெம்மையை அடியாகக் கொண்ட சொல். வெயிலும் வெப்பமும் அதன் கிளைச் சொற்கள். பண்டைத் தமிழர் ஓராண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். ‘இள’ என்னும் அடைமொழி முதிராமையை உணர்த்தும். இளவெயில், இளஞ்சூடு என்னும் வழக்குகளை நோக்குக.

கத்திரி வெயில் காய்வதும் இவ்விரு திங்களுக்குள்ளேதான். அதனை இளமை என்று கூறுவது பொருந்துமோ என்று மாணவர் வினவலாம். மரங்களை நோக்கின் ஐயம் நீங்கும். மழைக்குக் காத்திராமல், அவ்வெயிலிலேயே வேம்பு பூக்கின்றது. புங்கு தளிர்த்து நிழல் பரப்புகின்றது. வெம்மையும் இளமையும் ஒருங்கே வருதலை அச்சொல் குறித்து நிற்கின்றது.

குளிர்நாட்டு மக்களின் வசந்தம் இத்தகையது அன்று. அங்கே அது பனி உருகும் காலம்; வெயிலை மக்கள் விரும்பி வரவேற்கும் காலம். மார்ச்சுத் திங்களில் அது தொடங்கும்போது தமிழ்நாட்டில் மாசி முடிந்து பங்குனி பிறக்கும். அது பின்பனிக் காலம். அயல்நாட்டுக் கவிதையை மொழிபெயர்ப்போர் அப்பருவத்தை இளவேனில் என்றே எழுதுகின்றனர். வேறு சொல் இன்மையால் அது தவறாகாது. ஆயினும், படிப்போர் இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது.

தமிழ்ச் செய்யுளில் இளவேனில் மகிழ்ச்சிக்கு மட்டும் உரியதன்று. தொல்காப்பியர் வேனிலைப் பிரிவைப் பாடும் பாலைத் திணைக்கு உரிமையாக்கினார். ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலைப் பகுதியில் ‘இளவேனிற்பத்து’ என ஒன்று உண்டு. குயில் கூவுகின்றது, மாமரம் தீப்போலத் தளிர்க்கின்றது, வேம்பு பூவைச் சொரிகின்றது. பருவம் வந்துவிட்டது, பொருள் தேடச் சென்ற தலைவன் வரவில்லை. பத்துப் பாடல்களும் இத்துயரையே கூறுகின்றன. சிலப்பதிகாரத்து வேனிற்காதையில் மாதவி கோவலனுக்குத் திருமுகம் வரைகின்றாள். அவன் அதனை ஏற்க மறுக்கின்றான். அம்முகத்தைக் கொண்டு சென்ற தோழியின் பெயர் வசந்தமாலை என்பது கருதத்தக்கது.

வசந்தம் வடசொல். அது தமிழகம் புகுந்தபின் இந்நாட்டு வெயிலுக்கு ஏற்பப் பொருள் கொண்டது. 17-ஆம் நூற்றாண்டில் மதுரையில் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்கென மண்டபம் ஒன்று எடுப்பித்தார். அதுவே இன்று புதுமண்டபம் எனப்படுவது. வைகாசி வெப்பம் தணியும் பொருட்டு, அதனைச் சுற்றி நீர் நிறைக்கும் அகழியும் அமைத்தனர்.