கோலாட்டம் பழக்கப் போகும் உனக்கு

கண்ணு, இந்த நவராத்திரிக்குச் சுபாங் ஜெயா பிள்ளைகளுக்கு நீ கோலாட்டம் பழக்கப் போகிறாயாமே. நல்லது. 1976-இல் வீடுகள் எழத் தொடங்குமுன் இது சீபீல்டு தோட்டம். உன் மாணவிகளில் சிலருடைய பாட்டிமார் தோட்டத்து லயங்களில் ஆடி வளர்ந்தவர்களாக இருக்கக்கூடும். அவர்கள் வந்து உட்கார்ந்தால் நாற்காலி போடு, கேட்டும் தெரிந்துகொள்.

1. உன் குரல் காலுக்கு முந்த வேண்டும். மாணவி அடி வைத்த பிறகு ‘மாறு’ என்றால் அது திட்டுவது போலத்தான் அவள் காதில் விழும். எட்டு எண்ணிக்கைப் பாட்டு என்றால் ஆறிலேயே சொல்லிவிடு. ஏழும் எட்டும் அவளுக்கு. அமெரிக்காவில் நான்கு ஜோடிகள் சதுரமாக நின்று ஆடும் நடனம் ஒன்று உண்டு. அங்கேயும் அழைப்பவர் அடுத்த அசைவை ஆடுகிறவர்களுக்கு முன்னாலேயே சொல்லிவிடுவார். புதிய அழைப்பு என்றால் முதலில் பாட்டை நிறுத்திவிட்டு மெதுவாக நடத்திக் காட்டுவார்கள். நீயும் நடக்கவிடு.

2. முதல் நாளே கோலைக் கொடுக்காதே. கொடுத்தால் சிலம்பம்தான் நடக்கும். கைதட்டி வரிசை மாறட்டும். கால் பழகிய பிறகு கோல் தானே இடம் கண்டுபிடிக்கும்.

3. அடி காட்டும்போது முதுகு காட்டி நில். எதிரே நின்றால் உன் வலது அவர்களுக்கு இடதாகிவிடும். சொல்லும்போது மட்டும் திரும்பி முகம் பார்.

4. தடுமாறுகிறவளைப் பெயர் சொல்லி நிறுத்தாதே. ஒரு வகுப்பில் பார்த்தேன்: ஆசிரியை எல்லார் முன்னும் ஒரு சிறுமியை அதட்டினார். அடுத்த வாரம் அவள் வரவில்லை. அவளோடு கோல் தட்டியவளும் ஜோடியில்லாமல் ஓரமாக நின்றாள். கோலாட்டத்தில் ஒருத்தி போனால் இருவர் போவார்கள். தப்பு யாருடையது என்று உனக்குத் தெரிந்தாலும், “எல்லாரும் மறுபடி” என்று சொல்லப் பழகு.

5. பிரிக்பீல்ட்ஸில் பரதம் கற்கிற பிள்ளைகளும் வருவார்கள். சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981-இல் தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் அங்கேதான் இருக்கிறது. தாளம் அவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். அவர்களை முன்வரிசைக்கு அழைத்துக் காட்சிப்பொருளாக்காதே. புதியவர்கள் பக்கத்தில் நிறுத்து. தனித்துத் தெரிவது இந்த ஆட்டத்துக்கு ஆகாது.

6. பின்னல் கோலாட்டத்துக்கு வருவோம். உன் குணம் தெரியப் போவது இதில்தான். மேலே ஒரே இடத்தில் கட்டித் தொங்கும் கயிறுகளில் ஆளுக்கொன்றைப் பிடித்து, ஒருத்தி உள்ளே நுழைய ஒருத்தி வெளியே வர, சடை விழும். பிறகு வந்த வழியே திரும்பி ஆடி அவிழ்க்க வேண்டும். பின்னல் பார்க்க அழகு என்று பலர் அதையே திரும்பத் திரும்பப் பழக்குவார்கள், அவிழ்ப்பதை மேடைக்கு விட்டுவிடுவார்கள். நீ நாலு சுற்றுப் பின்னினால் அந்த நாலையும் அவிழ்த்த பிறகே ஐந்தாவதைத் தொடு. கயிறு சிக்கும், சிக்கியதும் எல்லாரும் உன் முகத்தைப் பார்ப்பார்கள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. இழுக்காதே, கத்தாதே. “அப்படியே நில்லுங்கள்” என்று சொல்லி, யார் எந்தப் பக்கம் போனாள் என்று விரலால் தொடர்ந்து பார். கடைசி இரண்டு அடிகளைத் திருப்பி ஆடினாலே பெரும்பாலும் விட்டுப்போகும்.

7. ஒத்திகைக்குப் போகும்போது உபரியாக நாலைந்து கோல் எடுத்துக்கொள். உடையும்.