ஆள் சேர்க்கப் புறப்பட்ட மகனுக்கு

காரிமங்கலம்

சிரஞ்சீவி மகனுக்குப் பெரியப்பா எழுதுவது. நீ அனுப்பிய திட்டத்தை ஒரு வரி விடாமல் படித்தேன். தென் மண்டல ஃப்ரீமேசன் லாட்ஜ்களில் புது ஆட்களைச் சேர்க்கும் பொறுப்பில் உன் பங்கு பெரிது என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் சேர்க்கைக் கட்டணத்தைப் பாதியாக்குவது, ஊரைக் கூட்டி லாட்ஜைத் திறந்து காட்டுவது, செல்போனில் விளம்பரம், டிகிரி என்கிற மூன்று சடங்குப் படிகளையும் ஒரே நாளில் முடித்துக் கொடுப்பது என்று நீ அடுக்கியிருப்பதைப் பார்த்தால், பகலில் ஆபீஸ், இரவில் லாட்ஜ் வேலை என்று நீ எப்போது தூங்குகிறாய் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது. கைக்காசு எவ்வளவு போகிறது என்றும் நீ எழுதவில்லை. கடைசியில் ஒரு கேள்வி வைத்திருக்கிறாய்: நகரத்திலேயே இருந்து இந்தச் சேர்க்கை வேலையை நடத்துவதா, தருமபுரிப் பக்கம் ஒரு புது லாட்ஜுக்கு நாலைந்து பேர் யோசிக்கிறார்களே, அவர்களோடு சேர்வதா? முடிவு உன்னுடையது. நான் எந்தப் பக்கமும் இழுக்கப்போவதில்லை. எனக்குத் தெரிந்த கணக்கை மட்டும் சொல்கிறேன்.

முதலில், எண்ணிக்கையைத் துரத்திப் பார்த்தவர்கள் கதை. உலகத்திலேயே மேசன்கள் அதிகம் இருந்த நாடு அமெரிக்கா. 1959இல் அங்கே 41 லட்சம் பேர். இன்றைக்கு 10 லட்சத்துக்கும் கீழே. சரிவைத் தடுக்க அவர்கள் செய்யாத வித்தை இல்லை. நீ எழுதியிருக்கும் அந்த ஒருநாள் டிகிரியும் அவர்கள் 1992 முதல் செய்து பார்த்ததுதான். ஒஹாயோ மாநிலத்தில் 2002இல் ஒரே நாளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை மாஸ்டர் மேசன் ஆக்கினார்கள். மொத்த எண்ணிக்கையோ அதற்குப் பிறகும் இறங்கிக்கொண்டேதான் இருந்தது. ஒருநாளில் வந்தவர்கள் எல்லாம் உடனே ஓடிவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை, அது நியாயமும் இல்லை. சரிவுக்குக் காரணம் டிகிரி வாங்க ஆகும் மாதங்கள் அல்ல என்பதுதான் இதில் தெரிவது. இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்தால் இருக்கும் நோய் தீருமா? ராபர்ட் புட்னம் 2000இல் எழுதிய புத்தகத்தில் இதற்கு விரிவான விளக்கம் இருக்கிறது: அமெரிக்காவில் லாட்ஜ் மட்டும் சுருங்கவில்லை, சர்ச் கமிட்டி, பெற்றோர் ஆசிரியர் கழகம், பந்துருட்டும் குழு வரை ஆட்கள் கூடிச் செய்கிற எல்லாமே சுருங்கின, வேலைப் பளு, டெலிவிஷன், ஊர் விரிந்து போனது, தலைமுறை மாறியது எல்லாம் சேர்ந்து. ஆகவே உறுப்பினர் குறைவது உன் லாட்ஜின் குற்றம் என்று நீ உறக்கம் கெட வேண்டியதில்லை. அது பொதுக் காற்று. ஆனால் அந்தக் காற்றிலும் சில இடங்களில் லாட்ஜ் வளர்ந்திருக்கிறது. எங்கே, எப்படி என்பதைப் பார்க்க நாம் அமெரிக்கா வரை போக வேண்டாம், நம் நாட்டுச் சரித்திரமே போதும்.

கல்கத்தா கோட்டையில் 1730 வாக்கிலும், சென்னையில் 1752இலும் லாட்ஜ் வந்துவிட்டது. 1770களில் நம் திருச்சியில் ஆற்காடு நவாபின் மூத்த மகன் உம்தத்துல் உம்ராவை மேசனாக்கினார்கள். இந்தியாவில் முதலில் மேசனானவர்களில் அவர் ஒருவர். அதைக் கேட்டு மகிழ்ந்துபோகாதே. நவாப் மகனுக்குத் திறந்த கதவு, அதற்குப் பின் பல வருடம் மற்றவர்களுக்குப் பெரும்பாலும் சாத்தியே கிடந்தது. பம்பாயில் இடம் கொடுக்காததால் மானெக்ஜி கர்செட்ஜி என்ற பார்சி கப்பல் ஏறிப் பாரிசில் போய் மேசனாகித் திரும்பினார். அதன் பிறகுதான் 1843இல் டாக்டர் ஜேம்ஸ் பர்ன்ஸ், இந்தியர்களைச் சேர்ப்பதற்கென்றே 'ரைசிங் ஸ்டார் ஆஃப் வெஸ்டர்ன் இந்தியா' லாட்ஜைப் பம்பாயில் தொடங்கினார். கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் 1863இல் கேட்ட இடம் 1872இல்தான் கிடைத்தது. இந்துக்களுக்குப் பல தெய்வம், அவர்கள் ஒரே பரம்பொருளை நம்புகிறவர்களா என்று வருடக்கணக்கில் விவாதித்தார்கள். அந்த விவாதம் முடிந்து பன்னிரண்டு வருடத்தில் அதே ஊரில் நரேந்திரநாத் தத்தர் மேசனானார், 1884இல். பிறகு விவேகானந்தர் என்று உலகம் அறிந்தவர். சென்னையில் லாட்ஜ் கர்நாட்டிக் 1883இல் வந்தது. 1961 நவம்பர் 24இல் ராம்பூர் நவாப் ரஜா அலி கானை முதல் கிராண்ட் மாஸ்டராகக் கொண்டு இந்தியக் கிராண்ட் லாட்ஜ் பிறந்தது, இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்காட்லாந்து மூன்றின் சம்மதத்தோடு. இந்த வரிசையைக் கூர்ந்து பார். மேசனரி இந்த நாட்டில் ஒவ்வொரு முறை வளர்ந்ததும் விளம்பரத்தால் அல்ல, கட்டணக் குறைப்பாலும் அல்ல. அதுவரை வெளியே நின்ற ஒரு கூட்டத்துக்குக் கதவு திறந்தபோதெல்லாம் வளர்ந்தது. திறக்கும் முன் ஒவ்வொரு முறையும் உள்ளே இருந்தவர்கள் தரம் போய்விடும் என்றார்கள்.

இன்றைக்குச் சாத்திக் கிடக்கும் கதவு எது? நான் சொல்லப்போவது உனக்குத் தெரியும், வீட்டில் எல்லாருக்கும் தெரியும், பெரியப்பா மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்று சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். மொழிதான் அந்தக் கதவு. சடங்கு இங்கிலீஷில், மனப்பாடம் இங்கிலீஷில், மினிட்ஸ் இங்கிலீஷில், அதற்குப் பின் சாப்பாட்டு மேசையில் டோஸ்ட்டும் ஜோக்கும் இங்கிலீஷில். தமிழ் மீடியத்தில் படித்து டாக்டராகவோ வக்கீலாகவோ வந்தவன் வேலைக்கு வேண்டிய இங்கிலீஷ் பேசிவிடுவான். ஆனால் நூற்றாண்டுகள் பழைய நடையில் பக்கம் பக்கமாக உருப்போட்டு, நாற்பது பேர் முன்னால் தடுமாறாமல் சொல்ல வேண்டும் என்றால் அவன் முதல் வருடம் பின் வரிசையில் உட்காருவான், இரண்டாம் வருடம் மாதம் தவறி வருவான், மூன்றாம் வருடம் சந்தா பாக்கியில் அவன் பெயரை அடித்துவிடுவார்கள். ஆர்வமில்லாதவன் என்று எழுதியும் வைப்பார்கள். உன் அப்பா லாட்ஜிலிருந்து ஏன் விலகினான் என்பதை நான் இங்கே கிளறப் போவதில்லை. அவனுக்கு அறிவு குறைவு என்று நினைத்தவர்களுக்கு இந்தக் கடிதத்தில் பதில் சொல்லவும் எனக்கு விருப்பமில்லை. ஒன்று மட்டும்: சமத்துவம் பேசும் ஓர் அறைக்குள் ஒருவனை வாயடைக்க வைப்பதற்கு, வேண்டாம் என்று ஓட்டுப் போடும் கறுப்புக் குண்டு தேவையில்லை, உச்சரிப்பு போதும்.

சடங்கின் சொல்லை மாற்றினால் அதன் உயிர் போய்விடும் என்பார்கள் உன் மூத்தவர்கள். மதிப்பாகவே பதில் சொல். 1953இல் தோன்றிய இஸ்ரேல் கிராண்ட் லாட்ஜில் ஹீப்ரு, அரபு, இங்கிலீஷ், பிரெஞ்சு, ருமேனியன், ரஷ்யன் என்று தனித்தனி மொழியில் நடக்கும் லாட்ஜ்கள் இருக்கின்றன. உயிர் போகவில்லை. ஐரோப்பா முழுக்க அவரவர் மொழியில்தான் நடத்துகிறார்கள், பிரெஞ்சுக்காரன் இங்கிலீஷில் உருப்போடுவான் என்று நினைக்கிறாயா? நம் நாட்டு லாட்ஜ்களிலேயே என்ன செய்தார்கள்? ஒரே பைபிள் இருந்த பீடத்தில் கீதை, குர்ஆன், குரு கிரந்த சாகிப், அவெஸ்தா எல்லாவற்றையும் வைத்து, அவரவர் நம்பும் நூலின் மேல் சத்தியம் செய்யச் சொன்னார்கள். சத்தியம் செய்யும் நூலையே மாற்றிக்கொண்டவர்கள், சத்தியம் செய்யும் மொழியை மாற்றினால் கட்டடம் இடிந்துவிடும் என்பது எனக்குப் புரியவில்லை. முறைப்படி விண்ணப்பித்து, மண்டலத்தின் அனுமதி வாங்கி, பொறுப்பான நாலு பேர் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இந்த மொழிபெயர்ப்பு; ராத்திரியில் கூகுளில் போட்டு எடுப்பதல்ல. அனுமதி வரும் வரை சடங்கு இருந்தபடி இருக்கட்டும். அதன் பொருளைத் தமிழில் விளக்குவதையும், கணக்கையும் கூட்டத்தையும் சாப்பாட்டு மேசையையும் தமிழில் நடத்துவதையும் யார் தடுக்கிறார்கள்?

இதைவிடக் கனமான ஆட்சேபணை வேறொன்று, நீயே எழுதியிருக்கிறாய். சின்ன ஊரில் லாட்ஜ் வைத்தால் அது ஒரு சாதிக்காரர்கள் கையில் போய்விடும், இல்லாவிட்டால் மனை வியாபாரமும் காண்ட்ராக்டும் பேசுகிற இடமாகிவிடும் என்று. உண்மையான பயம். ஒன்றிரண்டு கறுப்புக் குண்டு விழுந்தாலே ஆளைத் தள்ளிவிடலாம் என்கிற முறை, நல்ல கையில் காவல், கெட்ட கையில் வேலி. 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய் பக்கம் மூன்று ஊர்களில் சாதி வன்முறையில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்த மாவட்டம் இது, நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அதையே நான் மறுபக்கம் திருப்பிக் கேட்கிறேன். மதமும் கட்சி அரசியலும் பேசக்கூடாது, சாதி பார்க்கக்கூடாது, பெரியவனும் சின்னவனும் ஒரே தரையில் நிற்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிற ஓர் அமைப்பு, அது ஏற்கெனவே பழகிப்போன சென்னைக் கிளப்புகளுக்குத்தான் உரியதா, தேவைப்படுகிற தருமபுரிக்கு இல்லையா? ஆபத்தைக் குறைக்க வழி இருக்கிறது. தொடங்குகிற பதினைந்து இருபது பேரே கலந்த ஆட்களாக இருக்க வேண்டும். பின்னால் கலந்துகொள்ளலாம் என்றால் ஒருநாளும் கலக்காது. விசாரணைக்குப் போகிறவர்களில் ஒருவராவது விண்ணப்பித்தவனின் உறவு, சாதி, தொழில் மூன்றுக்கும் வெளியே இருக்க வேண்டும்.

தகுந்த ஆள் கிடைப்பார்களா என்பது வீண் சந்தேகம். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே கடைசியாக நின்றோம், சரி. அதனால்தான் இங்கே படித்து மேலே வந்தவர்கள் பெரும்பாலும் முதல் தலைமுறை. எதையும் சும்மா வாங்காதவர்கள். பட்டுக்கூடு அங்காடிக்காரர், பாலக்கோட்டுத் தக்காளி மண்டிக்காரர், மாங்கூழ் ஆலை வைத்திருப்பவர், அரசுக் கல்லூரி வாத்தியார் என்று எண்ணிக்கொண்டு போ. ரோட்டரியும் லயன்ஸும் இருக்கும்போது இது எதற்கு என்று அவர்கள் கேட்பார்கள். லயன்ஸ் சங்கத்தை 1917இல் தொடங்கிய மெல்வின் ஜோன்ஸே ஒரு மேசன்தான் என்று சொல். அவை ஊருக்குச் செய்வதை முன்னால் வைக்கின்றன, லாட்ஜ் உள்ளே வருகிறவனைச் செதுக்குவதை முன்னால் வைக்கிறது என்று சொல். லாட்ஜைத் தலைவெட்டிக் கோயில் என்று நம் ஜனங்கள் பயந்த காலம் போய்விட்டது, அதற்கு நீ விளம்பரம் செய்து பதில் சொல்ல வேண்டாம். பெண்களுக்குச் சாத்திய கதவு மொழியைவிடப் பெரியதில்லையா என்று உன் மனைவி கேட்டதாக எழுதியிருக்கிறாய். பெரியதுதான். அன்னி பெசன்ட் 1902லேயே பெண்களும் சேரும் மேசனரியில் சேர்ந்து, அதை அடையாறுக்கும் கொண்டுவந்தார். ஆனால் நம் கிராண்ட் லாட்ஜில் அந்தக் கதவின் சாவி உன் கையில் இல்லை, தென் மண்டலத்தின் கையிலும் இல்லை. இருக்கிற சாவியைப் பற்றித்தான் நான் எழுதுகிறேன், அவளிடம் அப்படியே சொல்.

உன் திட்டத்துக்கு வருகிறேன். வரத்துக் கால்வாயை அகலப்படுத்திக்கொண்டே போய் மதகைத் திறந்து போட்டால் ஏரி நிரம்பாது. இந்த வருடம் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று மண்டலத்துக்கு எழுதுகிற அறிக்கையில், மூன்று வருடத்துக்கு முன் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் வருகிறார்கள் என்று ஒரு பத்தி சேர். அந்த ஒரு பத்தி உன் மற்ற பக்கங்களைவிட அதிகம் சொல்லும். சேருகிற ஒவ்வொருவனுக்கும் முதல் மாதத்திலேயே ஒரு வேலை கொடு, அது நாற்காலி போடுவதானாலும் சரி. வராதவனுக்குச் சந்தா நோட்டீஸ் அனுப்பும் முன் யாராவது ஒருவர் அவன் வீட்டுக்குப் போய்வர வேண்டும். கட்டணத்தைக் குறைக்காதே, தவணையில் வாங்கு. டிகிரிக்கும் டிகிரிக்கும் நடுவே இடைவெளி இருக்கட்டும், அந்த மாதங்களில்தான் ஒருவனை ஒருவன் பார்த்துப் பழகுகிறான். கேட்டு வருகிறவனைத்தான் சேர்ப்பது என்ற பழைய மரபை விளம்பரத்துக்காக விடாதே. இவை எல்லாம் பெரிய நகரத்திலும் செய்யலாம், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே உனக்கு முன்னால் இருபது பழைய மாஸ்டர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவர்கள் தலையசைக்கும் வரை காத்திருந்து நீ ஓய்ந்துபோவாய், ஓய்ந்தால் உன் அப்பா மாதிரி ஒருநாள் சொல்லாமல் விலகுவாய். அதுதான் எனக்குப் பயம், வேறொன்றுமில்லை. இங்கே புதிதாகத் தொடங்கினால், சடங்கு தவிர மற்றதை முதல் நாளிலிருந்தே தமிழில் நடத்தலாம். நகரத்தில் இருந்து செய்வதாக முடிவெடுத்தாலும் எனக்குச் சம்மதமே. கொஞ்சம் வருத்தப்படுவேன், அவ்வளவுதான்.

பாரப்பா, அறிவுரை சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரிவதில்லை என்று உன் பெரியம்மா பக்கத்தில் நின்று சொல்கிறாள். கோபித்துக்கொள்ளாதே கண்ணு. நம் குடும்பத்தில் ஓர் அமைப்பைத் தூக்கி நிறுத்த இவ்வளவு யோசிக்கிற பிள்ளை நீ ஒருத்தன்தான். உன் திட்டத்தில் இருக்கிற உழைப்பில் பாதிகூட நாங்கள் யாரும் செய்ததில்லை, மேலே நான் குறை சொன்ன பக்கங்கள் உட்பட. ராத்திரி சீக்கிரம் படு, சர்க்கரையைப் பார்த்துக்கொள், மருமகளுக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். லாட்ஜ் விஷயம் எப்படிப் போனாலும் போகட்டும், ஆடிப் பதினெட்டுக்கு எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்து சேர், ஒகேனக்கல் போய்வரலாம். அந்தத் தருமபுரி ஆட்களையும் அன்றைக்கு வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா