மூணு பல்பு நூறு ரூபாய்

2021 ஆவணியில் எங்கள் தெருவுக்கு மைக் கட்டிய ஆட்டோ ஒன்று வந்தது. "மூணு பல்பு நூறு ரூவா, மூணு பல்பு நூறு ரூவா" என்று பதிவு செய்த குரல் ஓடிக்கொண்டே இருந்தது. எல்லாம் 9 வாட்ஸ் எல்.இ.டி. பல்பு. ஒரு பலகையில் ஹோல்டரை மாட்டி, எந்த பல்பைக் கேட்டாலும் எரியவிட்டுக் காட்டினார் அந்தத் தம்பி. கடையில் ஒரு பல்பே நூறு ரூபாயை ஒட்டி விற்ற நேரம் அது. ஆறு பல்பு வாங்கினேன், இருநூறு ரூபாய்.

அடுக்களையில் போட்டது பதினோராம் நாள் அணைந்தது. தீபாவளிக்குள் இன்னும் இரண்டு போயின. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது எரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

பாளையங்கோட்டையில் பழைய வீடு எங்களுடையது. நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். ஆட்டோ வருவதற்கு முந்தைய கணக்கெடுப்பில் ஈ.பி. பில் 512 யூனிட் காட்டியிருந்தது. 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதலாக ஓடிய யூனிட்டுகளோடு கணக்கு நிற்காது, அதற்குக் கீழே உள்ளவற்றுக்கும் விலை ஏறிவிடும். 12 யூனிட்டுக்காக அப்படியொரு பில் கட்டியபோதுதான், வீட்டில் எது எவ்வளவு இழுக்கிறது என்று எழுதிப் பார்த்தேன். குளியலறை, புறவாசல், மாடிப்படி மூன்றிலும் 60 வாட்ஸ் குண்டு பல்பு. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் என்று வைத்தால் மூன்றும் சேர்ந்து இரண்டு மாதத்தில் 54 யூனிட். அதே இடத்தில் 9 வாட்ஸ் எல்.இ.டி. போட்டால் 8 யூனிட்தான். யூனிட்டுக்கு ஐந்து ரூபாய் என்றாலும் ஒரு பில்லுக்கு 230 ரூபாய் மிச்சம்.

பூஜையறை ஜீரோ வாட்ஸ் பல்பையும் விட்டுவிடாதீர்கள். பெயர்தான் ஜீரோ. உண்மையில் அது 12 முதல் 15 வாட்ஸ் வரை எடுக்கும். இரவு முழுக்கப் பத்து மணி நேரம் எரிந்தால் ஒரு பில்லில் 9 யூனிட் வரை போகிறது. அரை வாட்ஸ் எல்.இ.டி. விடிவிளக்குக்கு அதே வேலைக்கு ஒரு யூனிட்கூட ஆகாது. பலர் வீட்டில் இது கவனிப்பாரற்றுப் பல வருடமாக எரிந்துகொண்டிருக்கிறது.

ஆக, மாற்ற வேண்டும் என்று நினைத்தது சரி. எதை வாங்குவது என்பதில்தான் தவறினேன். அந்தத் தவறு பணத்தோடு போகவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

புறவாசல் பல்பை அணைத்த பிறகும் இருட்டில் லேசாக மினுங்கிக்கொண்டே இருக்கும். மின்மினி போல ஒரு வெளிச்சம். மலிவு பல்பு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் அது ஃபியூஸ் போனதும் ஸ்விட்சை அணைத்துவிட்டு ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினேன். பின் ஹோல்டர் கொஞ்சம் இறுக்கம். அழுத்தித் திருகியபோது பால் நிற மூடி மட்டும் கையோடு வந்தது. விரல் உள்ளே இருந்த தகட்டில் பட்டது. சுளீரென்று ஷாக் அடித்துக் கையை உதறினேன், ஸ்டூல் சாய்ந்தது. சுவர் ஓரமாக விழுந்ததால் முழங்கை சிராய்ப்போடு போயிற்று.

ஸ்விட்ச் அணைந்திருந்தும் எப்படிக் கரண்ட் வந்தது? எலக்ட்ரீஷியன் தம்பி வந்து ஹோல்டரில் டெஸ்டரை வைத்தார், எரிந்தது. "அக்கா, ஸ்விட்ச நியூட்ரல்ல போட்டிருக்காங்க. நீங்க அணைச்சாலும் ஃபேஸ் மேலேயே நிக்குது" என்றார். முன்பு எப்போதோ வயரிங் செய்தவர் மாற்றிக் கொடுத்திருக்கிறார். குண்டு பல்பு இருந்த காலத்தில் அது வெளியே தெரியவே இல்லை. எல்.இ.டி.க்கு மிகச் சிறிய மின்சாரமே போதும் என்பதால், அணைத்த பிறகும் வயரில் கசிகிற துளியில் மினுங்கி அது காட்டிக் கொடுத்திருக்கிறது. நான்தான் அதைப் பல்பின் குறை என்று நினைத்துக்கொண்டேன். எல்லா மினுங்கலுக்கும் இதுவே காரணம் என்று சொல்ல முடியாது. சிவப்புப் பொட்டு எரியும் இண்டிகேட்டர் ஸ்விட்ச் இருந்தாலும், நீளமான இருவழி ஸ்விட்ச் வயரிங் இருந்தாலும் மினுங்கலாம். ஆனால் எது காரணம் என்று டெஸ்டர் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

செத்த பல்புகளைப் பையில் போட்டு, எங்கள் பகுதி எலக்ட்ரிக்கல் கடை அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் ஒன்றைத் திறந்து காட்டினார். வட்டமான மெல்லிய தகட்டில் மஞ்சள் பொட்டுகள் வரிசையாக இருந்தன. அதில் ஒரு பொட்டின் நடுவில் எள் அளவு கறுப்பு. "கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரிதாம்மா இது. ஒண்ணு போனா அந்த வரிசையே போச்சு" என்றார். மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் டிரைவர் என்ற பகுதியும் அதே தகட்டிலேயே ஒட்டியிருந்தது. பல்பின் கழுத்துப் பகுதி காலி.

பிறகு கம்பெனி பல்பு ஒன்றைத் திறந்தார். கழுத்துக்குள் தனியாக டிரைவர் அட்டை, அதில் கெப்பாசிட்டர், தகட்டின் சூட்டை வாங்கிக்கொள்ள அலுமினியக் கிண்ணம். இரண்டையும் இரு கையில் வைத்துப் பார்த்தால் எடையிலேயே வித்தியாசம் தெரிந்தது. எல்.இ.டி.க்கு எமன் சூடுதான். வெளிச்சம் குளிர்ச்சியாக இருந்தாலும் அடிப்பகுதி கொதிக்கும். அந்தச் சூடு வெளியேற வழியில்லாவிட்டால் கெப்பாசிட்டரும் பொட்டும் சீக்கிரம் போய்விடும். அதனால்தான் நாலாபுறமும் மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் போட்ட நல்ல பல்பும் சீக்கிரம் போகிறது. என் அடுக்களை பல்பு முதலில் போனதற்கும் அடுப்புக்கு நேர் மேலே இருந்ததே காரணம். இப்போது அதைப் பக்கச் சுவருக்கு மாற்றிவிட்டேன்.

கறுத்த பொட்டை ஈயம் வைத்து இணைத்து மறுபடி எரியவைத்துத் தருபவர்கள் உண்டு. எனக்கும் ஒரு பையன் செய்து கொடுத்தான், மூன்று வாரம் ஓடியது. ஒரு பொட்டின் சுமையை மற்றவை தாங்க வேண்டியிருப்பதால் அடுத்ததும் விரைவில் கருகும். அவசரத்துக்கு ஆகும், வழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

"வெலையப் பாக்குறதுக்கு முன்னால பெட்டியத் திருப்பிப் பாருங்கம்மா" என்றார் அண்ணாச்சி. அன்றிலிருந்து அதைத்தான் செய்கிறேன். முதலில் லூமென். வாட்ஸ் என்பது பல்பு தின்னும் மின்சாரம், லூமென் என்பது அது தரும் வெளிச்சம். பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பு ஏறத்தாழ 700 லூமென் தரும். நல்ல 9 வாட்ஸ் எல்.இ.டி. 800, 900 லூமென் தரும். ஆட்டோவில் வாங்கிய பெட்டியில் லூமென் என்ற சொல்லே இல்லை. அடுத்தது ஐ.எஸ். 16102 என்ற தர எண்ணும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும். இந்தியாவில் விற்கும் எல்.இ.டி. பல்புக்கு இந்தப் பதிவு கட்டாயம். நட்சத்திர முத்திரை ஒட்டியிருந்தால் அதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வோல்டேஜ் எல்லையை யாரும் பார்ப்பதில்லை. எங்கள் தெருவில் சித்திரை மாதம் ஏ.சி.க்கள் ஓடத் தொடங்கினால் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கிவிடும், நடுச்சாமத்தில் ஏறும். பெட்டியில் 220 முதல் 240 என்று மட்டும் போட்ட பல்பு இதைத் தாங்காது. 100 முதல் 300 வரை என்று போட்ட பல்பு கொஞ்சம் கூடுதல் விலை என்றாலும் கிராமத்துக்கும் எங்களுடையது போன்ற தெருவுக்கும் அதுதான் மலிவு.

தைப்பவர்கள், படிக்கும் பிள்ளைகள் உள்ளவர்கள் நிறத்தையும் பார்க்க வேண்டும். ஒருநாள் இரவு அந்த மலிவு பல்பின் கீழ் அரக்கு நிற ஜாக்கெட்டுக்கு நூல் எடுத்துத் தைத்தேன். காலையில் முற்றத்து வெயிலில் விரித்தால் நூல் காப்பிக் கலர்! துணி அரக்கு, தையல் பழுப்பு. கை முழுவதையும் பிரித்து மறுபடி தைத்தேன். வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் நீல வெளிச்சம்தான். மேலே பூசிய மஞ்சள் பொடி அதை வெள்ளையாக்குகிறது. பூச்சு மட்டமானால் சிவப்பு குறைந்துவிடும், குங்குமமும் அரக்கும் மங்கிவிடும். பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் இருக்கும். வீட்டுக்கு 80க்குக் குறையாமல் வாங்குங்கள். தையலுக்கு 90 கிடைத்தால் விடாதீர்கள்.

அதே பல்பின் கீழ் மெஷின் சக்கரம் வேகமாக ஓடும்போது நின்று நின்று சுற்றுவதுபோலத் தெரிந்ததும் கண்ணின் குற்றம் இல்லை. பல்பு விநாடிக்கு நூறு தடவை துடித்திருக்கிறது. கடையிலேயே சோதித்துவிடலாம். எரியும் பல்பைச் செல்போன் கேமராவில் பாருங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடினால் அந்த பல்பு தலைவலி தரும், படிக்கும் மேஜைக்கு ஆகாது.

பெட்டியில் 25,000 மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். தினம் ஐந்து மணி நேரம் என்றால் பதின்மூன்று வருடத்துக்கு மேல். கியாரண்டி மட்டும் ஒரு வருடம் அல்லது இரண்டு வருடம். நான் கியாரண்டியைத்தான் நம்புகிறேன். கடைக்காரர் பல்பின் கழுத்தில் மார்க்கரால் மாதமும் வருடமும் எழுதித் தருவார். அந்த மை சூட்டில் மங்கிவிடும். அதனால் பில்லையும் பெட்டியையும் ஒரே கவரில் போட்டு மீட்டர் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். அதைக் காட்டி இரண்டு பல்பை மாற்றியிருக்கிறேன், காசு கேட்கவில்லை.

மலிவும் தரமும் சேராது என்று நான் சொல்லவில்லை. 2015 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய உஜாலா திட்டத்தில் 9 வாட்ஸ் பல்பு 70 ரூபாய் அளவுக்குக் கொடுத்தார்கள், அதற்கு மூன்று வருட மாற்றுறுதியும் இருந்தது. கோடிக்கணக்கில் மொத்தமாக வாங்கியதால் அந்த விலை வந்தது. ஆகவே நூறு ரூபாய்க்குக் கீழே நல்ல பல்பு கிடைக்கத்தான் செய்கிறது. பெட்டியில் பெயரும் எண்ணும் பில்லும் இல்லாத பல்பைத்தான் வேண்டாம் என்கிறேன்.

பழைய சி.எஃப்.எல். சுருள் பல்பு கிடந்தால் குப்பையில் வீசி உடைக்காதீர்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது. மின்கழிவு வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.

இன்று இரவு படுக்கும் முன் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, ஒவ்வோர் அறையிலும் ஒரு நிமிடம் இருட்டில் நின்று பாருங்கள். எந்த பல்பாவது மினுங்கினால் நாளையே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு டெஸ்டர் வைக்கச் சொல்லுங்கள். அதுவரை அந்த பல்பைத் தொடாதீர்கள். பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். கழற்றியே ஆக வேண்டும் என்றால் மெயினை அணைத்துவிட்டு ஏறுங்கள்.