கூண்டில் இருப்பது யாரைத் தேடுகிறது?

இன்னொருவர் வீட்டிலிருந்து வந்த பறவை முதல் இரண்டு நாள் சத்தமே போடாது. 'எவ்வளவு சாது!' என்று வீட்டில் எல்லோரும் மெச்சுவார்கள். உண்மையில் அது பயத்தில் உறைந்துபோயிருக்கிறது. பயம் கொஞ்சம் தெளிந்த பிறகுதான் கத்தல் ஆரம்பிக்கும். நீங்கள் குளிக்கப் போனால் கத்தும், அடுப்படிக்குப் போனால் கத்தும், செருப்பை மாட்டினால் போதும், தெருமுனை வரை கேட்கும். உடனே ஆளுக்கொரு யோசனை வந்து குவியும். ஜோடி வாங்கி விடு. கண்ணாடி மாட்டு. டிவியைப் போட்டுவிட்டுப் போ. துணியால் மூடு. கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடு.

இவை ஒவ்வொன்றுக்கும் பலித்த கதை ஒன்றைச் சொல்ல ஆள் இருப்பார்கள். உங்கள் பறவைக்கு எது பலிக்கும் என்பது, அது யாரைத் தேடிக் கத்துகிறது என்பதைப் பொறுத்தது. தன் இனத்தையா, மனிதரையா? அது தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள்.

நம் வீடுகளில் அதிகம் வளர்வது இரண்டு: கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்ற பெயரில் விற்கப்படும் பட்ஜெரிகர், கொண்டை வைத்த காக்டெயில். இரண்டுமே ஆஸ்திரேலியாவின் வறண்ட வெளிகளில் கூட்டமாகத் திரிபவை. கூட்டம் கண்ணில் படாவிட்டால் குரல் கொடுக்கும், பதில் வந்தால் அடங்கும். ஆகவே நீங்கள் அறையை விட்டுப் போனதும் கத்துவது நோயல்ல. 'எங்கே இருக்கிறாய்?' என்ற விசாரிப்பு, அவ்வளவுதான். கவலைப்பட வேண்டியது பதில் வராமலே போகும்போது அது என்ன செய்கிறது என்பதைப் பற்றி.

போனைக் கூண்டுக்கு எதிரே வைத்துப் பதிவைப் போட்டுவிட்டு, அரை மணி நேரம் வெளியே போய் வாருங்கள். சில நிமிடங்கள் கத்திவிட்டுத் தீனி கொறித்தது, இறகு கோதியது என்றால் பயமில்லை. நிறுத்தாமல் கத்துகிறது, ஒரே பக்கக் கம்பியோடு இங்கும் அங்கும் நடக்கிறது, தீனியைத் தொடவில்லை, தன் இறகையே பிடுங்குகிறது என்றால் அது தவிப்பு. கூடவே சமையலறைத் தராசில் தினமும் காலையில், தீனி வைக்கும் முன், எடை பாருங்கள். காக்டெயில் பெரும்பாலும் 80 முதல் 110 கிராம் இருக்கும், பட்ஜெரிகர் 30 முதல் 40 வரை. வந்த நாள் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் பழக்கம், பயிற்சி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். உடல் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் அப்படியே. பறவைகள் நோயை மறைப்பதில் கெட்டி. நாய் பூனைக்கே பழகிய டாக்டர்கள்தான் நம் ஊரில் அதிகம் என்பதால், பறவை பார்ப்பவரா என்று முன்னதாகவே கேட்டுவிடுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

இன்னொரு தகவல் பறவையைக் கொடுத்தவரிடம் இருக்கிறது. அங்கே தனியாக இருந்ததா, ஜோடியோடா? கையில் தீனி ஊட்டி வளர்த்ததா, பெரிய கூண்டில் பத்தோடு பதினொன்றாக இருந்ததா? பகலில் வீட்டில் ஆள் இருந்தார்களா? எத்தனை மணிக்குத் தூங்கும்? எந்தச் சீழ்க்கைக்குப் பதில் கொடுக்கும்? வாசலில் நின்றபடி கூண்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறவர்கள் இதையெல்லாம் கேட்பதில்லை. வெளிநாடு கிளம்பும் அவசரத்தில் கொடுப்பவர்கள் சொல்வதும் இல்லை. மறுபடி போன் செய்தாவது கேளுங்கள்.

பதில் 'கூட்டத்தில் இருந்தது, கைக்கு வராது' என்றால், அதுவும் பட்ஜெரிகராக இருந்தால், யோசிக்கவே வேண்டாம். அதற்கு இன்னொரு பட்ஜெரிகர்தான் வேண்டும். நீங்கள் மணிக்கணக்கில் எதிரே உட்கார்ந்து கொஞ்சினாலும் அந்த இடத்தை நிரப்ப முடியாது. இரண்டு ஆண்கள் பெரும்பாலும் ஒத்துப்போகும். இரண்டு பெண்கள் சண்டை போட வாய்ப்பு அதிகம். வளர்ந்த பறவையில் மூக்கின் மேல் பகுதி பொதுவாக ஆணுக்கு நீலம், பெண்ணுக்குப் பழுப்பு. ஆணும் பெண்ணுமாக வைத்தால், கடைக்காரர் கூடவே தலையில் கட்டும் பானையை வாங்காதீர்கள். குஞ்சு பொரிப்பதற்கு அது அழைப்பு. ஆப்பிரிக்க லவ் பேர்டைத் துணைக்கு விடுவதும் வேண்டாம். அதன் அலகு பட்ஜெரிகரின் காலைப் பதம் பார்த்துவிடும்.

கைக்குப் பழகிய காக்டெயில் கதை வேறு. அது தேடுவது பல சமயம் மனிதத் தோளை. அதன் பக்கத்தில் இன்னொரு காக்டெயிலை வைத்தால் மூன்றில் ஒன்று நடக்கலாம்: இரண்டும் ஒட்டிக்கொண்டு உங்களை மறந்துவிடும், இரண்டும் ஒன்றையொன்று கொத்தும், அல்லது இரண்டும் சேர்ந்து உங்களைத் தேடிக் கத்தும். மூன்றாவது நடந்த வீட்டாரிடம் பேசிப் பாருங்கள், சிரிக்க மாட்டார்கள். மேலும், புதிதாக வரும் பறவையைக் குறைந்தது 30 நாள் வேறு அறையில் வைத்துப் பார்க்க வேண்டும். கிளிக்காய்ச்சல் போன்றவை பறவைக்குப் பறவை மட்டுமல்ல, மனிதருக்கும் தொற்றும். எனவே இந்த மாதத்துக் கத்தலுக்கு இரண்டாவது பறவை மருந்தாகாது. ஒத்துப்போகாவிட்டால் இரண்டு கூண்டுகளும், 15 முதல் 20 வருடப் பொறுப்பும் உங்கள் கையில்.

இதனால் துணை தேவையில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வியன்னாவின் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் 2014-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். தனியாக வளர்ந்த ஆப்பிரிக்க சாம்பல் கிளிகளின் குரோமோசோம் முனைகள், ஜோடியாக வளர்ந்தவற்றினுடையதைவிடக் குட்டையாக இருந்தன. தனிமை செல் வரைக்கும் எட்டுகிறது என்பதற்கான தடயம் அது. இரண்டு பறவைகள் வேண்டும் என்று உங்களுக்கே ஆசை இருந்தால் வாங்குங்கள். கத்தலை நிறுத்தவென்று வாங்காதீர்கள்.

அப்படியென்றால் காக்டெயிலுக்கு என்ன வழி? பிரிந்து பழக்குவதுதான். சொல்லச் சுலபம், பொறுமை தேவை. கூண்டிலிருந்து இரண்டடி நகர்ந்து, அது கத்துவதற்குள் திரும்பி வாருங்கள். பிறகு வாசற்படி வரை. பிறகு அடுத்த அறைக்குப் போய் அங்கிருந்தே அதற்குத் தெரிந்த சீழ்க்கையை அடியுங்கள். பதில் கிடைத்ததும் பல பறவைகள் தீனியைப் பார்க்கப் போய்விடும். இப்படி நொடிகளை நிமிடங்களாக்கலாம். சாவியை எடுப்பது, செருப்பு மாட்டுவது, பையைத் தோளில் போடுவது இதையெல்லாம் நாளுக்குப் பலமுறை செய்துவிட்டு எங்கேயும் போகாமல் உட்காருங்கள். அந்தச் சத்தங்களுக்கும் நீங்கள் மறைவதற்கும் உள்ள முடிச்சு தளரும். கத்தும்போது ஓடி வந்து 'சும்மா இரு!' என்று அதட்டுவதுதான் பெரிய தவறு. அதட்டலும் ஒரு பதில்தானே? கூப்பிட்டேன், வந்துவிட்டார் என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். சில நொடி ஓய்ந்த பிறகு உள்ளே வாருங்கள்.

பயிற்சியைவிட முக்கியம் முதல் வாரத்தை எப்படிக் கழிக்கிறீர்கள் என்பது. பறவை வந்த சந்தோஷத்தில் ஆபீசுக்கு ஒரு வாரம் லீவு போட்டு, விடிந்ததிலிருந்து தோளிலேயே வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கூண்டில் அடைத்துவிட்டுக் கிளம்பினால் அது கத்தாமல் என்ன செய்யும்? அடுத்த மாதம் உங்கள் வீடு எந்த நேரக் கணக்கில் ஓடுமோ, அதே கணக்கை முதல் நாளிலிருந்தே நடத்துங்கள். லீவு எடுத்திருந்தாலும் இடையிடையே அறையை விட்டு வெளியே இருங்கள். கூண்டைத் திறக்கும்போது மின்விசிறி நின்றிருக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. ஓடும் விசிறி பறக்கும் பறவையைக் கொன்றுவிடும்.

எந்த இனமானாலும், துணை இருந்தாலும் இல்லாவிட்டாலும், தீனியைத் தேட வைப்பதை இன்றே தொடங்கலாம். அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் செரில் மீஹன், ஜாய் மென்ச் ஆகியோர் அமேசான் கிளிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், தேடித் தின்னும்படி தீனி வைத்து, ஏறி இறங்கக் கூண்டை அமைத்தபோது இறகு பிடுங்கும் பழக்கம் குறைந்தது. கிண்ணம் நிறையத் தினையைக் கொட்டினால் பறவைக்கு ஐந்து நிமிட வேலை, மீதி நாள் முழுக்க உங்களைத் தேடும் வேலை. அதே தினையைக் காகிதப் பொட்டலத்தில் மடித்தோ, சோளத்தோல் சுருளில் ஒளித்தோ வையுங்கள். தென்னங்கீற்றில் முடைந்த கிலுகிலுப்பைக்கு நிகரான விளையாட்டுச் சாமானை எந்தப் பெட் ஷாப்பிலும் நான் பார்த்ததில்லை. கொத்தமல்லிக் கட்டை நன்றாக அலசித் தலைகீழாகத் தொங்கவிடலாம். தினைக்கதிர் போன்ற தின்பண்டத்தை நீங்கள் கிளம்பும் நேரத்துக்கு மட்டுமே ஒதுக்கினால், உங்கள் புறப்பாடு அதற்கு நல்ல செய்தியாகும். செலவும் ஏறக்குறைய இல்லை. எனவே என் கணக்கில் இது முதலில், பிரிவுப் பயிற்சி கூடவே, இரண்டாவது பறவை கடைசியில்.

ரேடியோவோ டிவியோ மெல்லிய சத்தத்தில் ஓடினால் வீடு திடீரென்று மௌனமாகிப் போவதைத் தடுக்கும், அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். (மெகா சீரியலின் அழுகையை ஆண் காக்டெயில் கற்றுக்கொண்டால் நான் பொறுப்பல்ல.) காட்டுப் பறவைக் கூட்டத்தின் ஒலிப்பதிவைப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. குரல் கேட்கிறது, ஆள் வருவதில்லை. அது தவிப்பைக் கூட்டலாம். 2023-இல் நார்த்ஈஸ்டர்ன், எம்ஐடி, கிளாஸ்கோ பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் 18 கிளிகளைக் கொண்டு நடத்தி வெளியிட்ட வீடியோ அழைப்பு ஆய்வு பலருக்கும் பிடித்துப்போனது. கிளிகள் மணியடித்து, திரையில் தோழரைத் தேர்ந்தெடுத்துப் பேசின. ஆனால் வளர்ப்பவர்கள் பக்கத்திலேயே இருந்து கவனித்தார்கள். ஆளில்லாத நேரத்துக்கு டேப்லெட்டை வைத்துவிட்டுப் போகும் வழி அல்ல அது.

கண்ணாடி வேண்டவே வேண்டாம். ஆண் பட்ஜெரிகர் தன் பிம்பத்துக்கே தீனியைக் கக்கி ஊட்டிக்கொண்டு கிடக்கும். பகலில் துணியால் மூடுவது கத்தலை அடக்கலாம், தவிப்பை அடக்காது. துணி இரவுக்கு உரியது: பத்து முதல் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும். காக்டெயில் இருட்டில் திடுக்கிட்டுச் சிறகடித்துக் காயப்படும் இனம் என்பதால் சிறிய விடிவிளக்கு எரியட்டும்.

இத்தனைக்கும் பிறகு எடை ஏறவில்லை, இறகு பிடுங்கல் நிற்கவில்லை, நீங்களோ காலை எட்டுக்குப் போய் இரவு எட்டுக்கு வருகிறவர் என்றால், வேறு வீடு பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பகலில் பெரியவர்கள் இருக்கும் வீடோ, அதே இனம் ஏற்கெனவே இருக்கும் வீடோ அதற்கு நல்லது. திறந்துவிடுவது விடுதலை ஆகாது. தீனி தேடத் தெரியாத பறவையைக் காக்கையே முடித்துவிடும். வந்திருப்பது நம் ஊர்ப் பச்சைக்கிளி என்றால் மேலே சொன்ன எந்த வழியும் பொருந்தாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். சாம்பல் கிளி, மக்காவ் போன்ற வெளிநாட்டு இனங்களுக்கு 2024-இல் வந்த விதிகளின்படி பரிவேஷ் தளத்தில் பதிவு தேவை. காகிதம் இல்லாமல் வாங்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம்.

கொடுக்கும்போது பழகிய கூண்டையும் கிண்ணத்தையும் சேர்த்தே கொடுங்கள். எடைக் குறிப்பு, தூங்கும் நேரம், பிடித்த தீனி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். நீங்கள் அடிக்கும் சீழ்க்கையைப் போனில் பதிந்து அனுப்புங்கள். வாங்குகிறவர் இதையெல்லாம் கேட்க மாட்டார், நீங்களே கையில் திணிக்க வேண்டியிருக்கும்.