வாட் எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீங்க!
அலுவலகக் கம்ப்யூட்டருக்கு எஸ்.எம்.பி.எஸ். மாற்றுவது எப்படி?



நம் கூட்டமைப்பு அலுவலகங்களில் உள்ள கம்ப்யூட்டர்கள் பலவும் பல வருஷம் உழைத்தவை. குழுக்களின் சேமிப்பு, கடன், வட்டி எல்லாக் கணக்கும் அதற்குள்தான் இருக்கு. ஒரு நாள் பட்டனை அமுக்கினால் அசைவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். "பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்ல ஆள் இருப்பாங்க. ஆனால் பல நேரம் கெட்டுப்போனது உள்ளே இருக்கும் ஒரே ஒரு பெட்டியாகத்தான் இருக்கும். அதுதான் எஸ்.எம்.பி.எஸ். அதைப் பார்த்து வாங்கினால் பொதுப்பணம் மிஞ்சும். பார்க்காமல் வாங்கினால் மதர்போர்டும், கணக்கு உள்ள ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்து போய்விடக்கூடும்.

இது என்ன வேலை செய்கிறது?

நம் வீட்டுக்கு வரும் கரண்ட் 230 வோல்ட். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சாமான்களுக்கு 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று குறைந்த அளவில்தான் வேண்டும். அதுவும் பேட்டரியில் வருவது போன்ற டி.சி. கரண்டாக வேண்டும். இப்படி மாற்றிக் கொடுப்பதுதான் எஸ்.எம்.பி.எஸ். வேலை. கேபினெட்டின் பின்னால் கரண்ட் ஒயரைச் சொருகுகிறோமே, அந்த இரும்புப் பெட்டிதான் அது. அதிலிருந்து வரும் ஒயர்களில் மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், ஆரஞ்சு 3.3 வோல்ட், கருப்பு கிரவுண்ட்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. அந்தப் பெட்டியை யாரும் திறக்கக் கூடாது. கரண்டைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். உயிருக்கே ஆபத்து.

முதலில் இதைப் பாருங்க

பிளக் பாயின்ட்டில் கரண்ட் வருதா, யு.பி.எஸ். வேலை செய்யுதா, ஒயர் இறுக்கமாக இருக்கா, பெட்டியின் பின்னால் உள்ள சுவிட்ச் போட்டிருக்கா என்று பாருங்க. எல்லாம் சரியாக இருந்தும் ஆன் ஆகவில்லை, கருகிய வாசனை வருது, அல்லது வேலை நடுவில் தானாக அணைந்து அணைந்து வருது என்றால் எஸ்.எம்.பி.எஸ். மேல் சந்தேகப்படலாம். ஆனால் வேறு கோளாறும் இப்படிக் காட்டும். அதனால் மெக்கானிக்கிடம் மல்டிமீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்க. 12 வோல்ட் ஒயரில் 11.4 முதல் 12.6 வரை, 5 வோல்ட் ஒயரில் 4.75 முதல் 5.25 வரை இருந்தால் சரி. அதற்கு வெளியே போனால் மாற்றத்தான் வேண்டும். காற்றாடி சுற்றுவதை மட்டும் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று முடிவு செய்யக் கூடாது.

கம்ப்யூட்டர் விட்டு விட்டாவது ஓடுகிறது என்றால், வேறு எதையும் தொடும் முன் கணக்கு முழுவதையும் பென் டிரைவில் காப்பி எடுத்துடுங்க.

கடையில் கவனிக்க வேண்டியவை

1. ஆம்பியரைப் பாருங்க. பெட்டி மேல் 450 வாட் என்று பெரிதாக அச்சடித்திருப்பாங்க. பக்கத்தில் உள்ள லேபிளில் ஒரு கட்டம் இருக்கும். உதாரணமாக அதில் 12 வோல்ட்டுக்கு 14 ஆம்பியர், 5 வோல்ட்டுக்கு 20 ஆம்பியர், 3.3 வோல்ட்டுக்கு 20 ஆம்பியர் என்று போட்டிருந்தால் நாமே பெருக்கிப் பார்க்கலாம். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். 168, 100, 66. மூன்றையும் கூட்டினால் 334 தான். 450 எங்கே போச்சு? குழுக் கணக்கில் அடியில் உள்ள மொத்தத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுவோமா? ஒவ்வொரு வரியும் கூட்டிப் பார்ப்போமே, அதே பழக்கம்தான் இங்கேயும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத, கணக்கு வேலை மட்டும் பார்க்கும் கம்ப்யூட்டருக்கு உண்மையான 300 வாட் தாராளம்.

2. கம்ப்யூட்டர் எந்தக் காலத்தது? பென்டியம் 3 காலத்துக் கம்ப்யூட்டர்கள் 5 வோல்ட்டில் அதிகம் இழுக்கும். 2000-ல் பென்டியம் 4 வந்த பிறகு சுமை மெல்ல 12 வோல்ட்டுக்கு மாறியது. இப்போது வரும் எஸ்.எம்.பி.எஸ்.கள் 12 வோல்ட்டில்தான் பலமாக இருக்கும். அதனால் பழைய பெட்டியின் லேபிளையும் புதியதன் லேபிளையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வரியிலும் புதியது குறையாமல் இருக்கா என்று பாருங்க.

3. பெரிய பிளக்கில் எத்தனை ஓட்டை? பழைய மதர்போர்டில் 20, பிறகு வந்தவற்றில் 24. பிரித்துச் சேர்க்கும்படி 20-ம் 4-ம் உள்ள பிளக்காக வாங்கினால் இரண்டுக்கும் ஆகும்.

4. ஹார்ட் டிஸ்க் பிளக். பழைய டிஸ்க்குக்கு நான்கு ஓட்டை உள்ள பெரிய பிளக். பின்னால் வந்த சாட்டா டிஸ்க்குக்குத் தட்டையான பிளக். நம்முடையது எதுவோ அது எஸ்.எம்.பி.எஸ்.ஸிலேயே இருக்க வேண்டும். மலிவான மாற்று ஒயர் போட்டுச் சமாளித்தால் அந்த இணைப்பு சூடாகி உருகக்கூடும்.

5. எல்லாப் பெட்டியும் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஆகாது. டெல், ஹெச்.பி., லெனோவா போன்ற கம்பெனிகளின் சில மாடல்களில் பெட்டி அளவும் பிளக்கும் வேறு மாதிரி இருக்கும். சில பழைய மாடல்களில் பிளக் ஒரே மாதிரி தெரியும், உள்ளே ஒயர் வரிசை மட்டும் மாறியிருக்கும். மாட்டினால் போர்டு எரிந்துவிடும். அதனால் பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டு போங்க. மாடல் நம்பரையும் எழுதிக்கோங்க.

மாட்டும் முறை

முதலில் கரண்ட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஆன் பட்டனைச் சில விநாடி அமுக்கிப் பிடிங்க. மிச்ச கரண்ட் இறங்கிவிடும். எந்த ஒயர் எங்கே போகிறது என்று செல்போனில் நாலு போட்டோ எடுத்துக்கோங்க. கையில் உலோக வளையல் இருந்தால் கழற்றி வையுங்க. கேபினெட்டின் இரும்புப் பகுதியை ஒரு தடவை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்க.

பிளக்குகளில் ஒரு கொக்கி இருக்கும். அதை அமுக்கித்தான் கழற்ற வேண்டும், ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பின்பக்க ஸ்க்ரூ நான்கையும் எடுத்தால் பழைய பெட்டி வெளியே வந்துவிடும். புதியதை அதே இடத்தில் வைத்து ஸ்க்ரூ போட்டுவிட்டு, முதலில் பெரிய பிளக், அடுத்து பிராசஸர் பக்கத்தில் உள்ள 4 ஓட்டை பிளக், பிறகு ஹார்ட் டிஸ்க் என்று மாட்டுங்க. சரியான பிளக் லேசாக அமுக்கினாலே உட்காரும். உட்காரவில்லை என்றால் திசை தப்பு. பலவந்தம் வேண்டாம்.

இங்கேதான் பலர் ஏமாறுவாங்க. பெரிய பிளக்கிலிருந்து பிரித்த 4 ஓட்டைத் துண்டும், பிராசஸருக்கான 4 ஓட்டை பிளக்கும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பிராசஸர் பிளக்கில் இரண்டு மஞ்சள், இரண்டு கருப்பு. பிரித்த துண்டில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, கருப்பு என்று நாலும் நாலு நிறம். எல்லா ஒயரும் கருப்பாக இருந்தால் பிளக் மேல் சி.பி.யு. என்று அச்சடித்திருக்கா என்று பாருங்க.

பெட்டியின் பின்னால் 115, 230 என்று சின்ன சுவிட்ச் இருந்தால் அது 230-ல் இருக்க வேண்டும். 115-ல் வைத்து நம்ம ஊர் கரண்ட் கொடுத்தால் அந்த நிமிஷமே வெடித்துப் போகும்.

எர்த் இல்லாமல் வேண்டாம்

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்குதா? "அது அப்படித்தான்" என்று விடாதீங்க. பெரும்பாலும் பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லை என்றுதான் அர்த்தம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரி பண்ணுங்க. அதுவரை கம்ப்யூட்டரைப் போடாதீங்க. மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை ஒடித்துவிட்டுச் சொருகும் பழக்கமும் வேண்டவே வேண்டாம்.

ஓடத் தொடங்கியதும் தேதியைப் பாருங்க. மதர்போர்டில் உள்ள சின்ன வட்ட பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி பின்னுக்குப் போய்விடும். கவனிக்காமல் வரவு வைத்தால் கணக்கு முழுவதும் தப்பான தேதியில் ஏறும்.

எப்போது செலவு செய்யக் கூடாது?

மதர்போர்டில் சின்ன உருளைகள் உப்பி நிற்குது என்றால் எஸ்.எம்.பி.எஸ். மட்டும் மாற்றிப் பயன் இல்லை. இன்னொன்று: விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு 2014-லும், விண்டோஸ் 7-க்கு 2020-லும் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. அப்படிப்பட்ட கம்ப்யூட்டரில் டைப் அடிக்கலாம், கணக்குப் போடலாம். இன்டர்நெட்டில் பேங்க் வேலை மட்டும் பார்க்கக் கூடாது.

கூட்டத்தில் பேசுங்க

1. நம் அலுவலகக் கணக்கு கடைசியாக எப்போது காப்பி எடுக்கப்பட்டது? அந்தப் பென் டிரைவ் யார் பொறுப்பில் இருக்கு?
2. கம்ப்யூட்டர் சாமான் வாங்கும்போது மூன்று கடை விலைப்புள்ளியும், உத்தரவாதச் சீட்டும் வாங்கி வைக்கிறோமா?
3. மெக்கானிக் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று கவனிக்கவும், கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கவும் இரண்டு உறுப்பினர்களைத் தீர்மானம் போட்டு நியமிக்கலாமா?