உங்கள் காலுக்கு ஏற்ற சைக்கிள்

காஞ்சிபுரத்தில் குழித்தறி நெய்பவரைப் பார்த்திருக்கிறீர்களா? குழியின் விளிம்பில் அமர்ந்து, கால்களை உள்ளே விட்டு மிதிபலகையை மிதிக்கிறார். குழியின் ஆழம் அவர் காலுக்குப் பொருந்தாவிட்டால் நாள் முழுவதும் நெய்ய முடியுமா? சைக்கிளும் அப்படித்தான்.

"வளர்கிற பிள்ளை" என்று பெரிய சைக்கிளாக வாங்கித் தருவது நம் வீடுகளில் வழக்கம். தேரடி நெரிசலில் சட்டென்று பிரேக் பிடித்தால் கால் தரையை எட்ட வேண்டாமா? சீட்டைப் பின்னால் உயர்த்திக் கொள்ளலாம். குறுக்குக் கம்பியைத் தாழ்த்த முடியாது. ஆகவே கடையிலேயே, கம்பியின் இருபுறமும் பாதங்களை முழுதாக ஊன்றி நின்று பாருங்கள். கம்பிக்கும் உடலுக்கும் நடுவே ஓர் அங்குலமாவது இடைவெளி வேண்டும். மேடு பள்ளங்களில் ஓட்டும் மலைச் சைக்கிளானால் இரண்டு அங்குலமாவது வேண்டும்.

அடுத்து சீட். பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வையுங்கள். இடுப்பு சாயாமல் முழங்கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது அது தானே சற்று மடங்கும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்கால் அதிகமாக மடங்கி, முழங்கால் சில்லில் அழுத்தம் கூடும். வலி அங்கேதான் தொடங்குகிறது.

மலைச் சைக்கிள் 1970களில் கலிபோர்னியாவின் டமால்பைஸ் மலைப் பாதைகளில் உருவானது. பாலாற்று மணலில் அதன் தடித்த டயருக்குக் காற்றைச் சற்றுக் குறைத்தால், எடை அகலமாகப் பரவிச் சக்கரம் அதிகம் புதையாது. ஆனால் நம் ஊர் சமதளம். பள்ளிக்குப் போவதோ தார்ச்சாலையில். அங்கே முண்டு முண்டான டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்ந்து, உங்கள் உழைப்பில் ஒரு பங்கை வெப்பமாக வீணாக்குகிறது. சாதாரண டயரே போதும். மிடுக்காக இராது, அவ்வளவுதான்! அதில் மட்டும் காற்றைக் குறைய விடாதீர்கள்.